வாடைக்கு ஒதுங்கிய கப்பல்களும் கந்தளாய்ச் சோறும்



பிரான்சின் தென்கரையில் சென் துரோப்பே என்றொரு சிறிய துறை இருக்கிறது. ஒரு காலத்தில் மீனவர் ஊர். இப்போது உலகத்துச் செல்வந்தர்களின் உல்லாசப் படகுகள் வரிசை கட்டி நிற்கிற இடம். அந்தத் துறையோரத்தில் 1866இல் நிறுத்திய வெண்கலச் சிலை ஒன்று உண்டு. பியேர் அந்த்ரே த சுஃப்ரென் என்ற கடற்படைத் தளபதியின் சிலை. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த போர்களை எண்ணினால் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று நமக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களாகவே வரும். இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில், 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல் ஒன்றை இன்றும் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கட்டணம் வாங்கிக் காட்டுகிறார்கள். அந்தக் கப்பலின் பெயர் ‘ட்ரிங்கோமலி’. ஆக, இரண்டு வேற்றுக் கரைகளில் நம் ஊர் காட்சிக்கு இருக்கிறது. இங்கே, திருகோணமலையிலேயே, வருகிறவர்களுக்கு நாம் எதைக் காட்டுகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

காட்டுவதற்குக் குறைவில்லை. காலையில் கோணேசர் கோயில், அதன் பக்கத்தில் இராவணன் வெட்டு, வெயில் ஏறுமுன் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், பிறகு நிலாவெளிக் கடல், படகில் புறாத்தீவு, பொழுது சாய்ந்தால் டச்சுக்குடாவில் காற்று. ஒரு வான் பிடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் பார்க்கத் தக்கதுதான். ஆனால் இவை எல்லாம் ஏன் இந்த ஒரே வட்டத்துக்குள் வந்து சேர்ந்தன என்று அந்த வானில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை. ‘உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று’ என்ற ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதுதான்: துறைமுகம் இந்த ஊரின் பாதிக் கதை. மறுபாதி கரைக்குப் பின்னால், கொட்டியாரத்திலும் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் கிடக்கிறது. துறைமுகம் கப்பலுக்கு ஒதுங்க இடம் கொடுத்ததே தவிர ஒருபோதும் சோறு கொடுத்ததில்லை. இந்த வேறுபாட்டை நமக்கு மிகத் தெளிவாகக் காட்டுகிறவர்கள், இரண்டு முறை இங்கே வந்து இரண்டு முறையும் நிலைக்காமல் போன பிரெஞ்சுக்காரர்கள்.

முதலில் காற்றைச் சொல்லிவிட வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் நம் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரையிலிருந்து மீனவர்கள் வந்து இங்கே வாடி போடுவதும் அப்போதுதான். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் கதை மாறிவிடும். வங்கக் கடலின் மேற்குக் கரை முழுவதும், அதாவது சோழமண்டலக் கரை முழுவதும், பாய்மரக் கப்பல்களுக்கு அந்தக் காலத்தில் ஒதுங்க இடமே கிடையாது. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் இட்டன. கடலூர், நாகப்பட்டினம், புதுச்சேரி எதுவும் அதைவிட மேல் என்று சொல்ல முடியாது. வாடை தொடங்குமுன் பிரித்தானியக் கடற்படை பழுதுபார்க்கத் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை போயாக வேண்டும். இந்தக் கடலின் விளிம்பில், குன்றுகள் சூழ, குறுகிய வாயோடு, கரைக்கு அருகிலேயே ஆழம் கொண்ட ஒரு நீர்ப்பரப்பு என்றால் அது திருகோணமலை ஒன்றுதான். கொட்டியாரக் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று நுழைந்து வருவதால் பெரிய திமிங்கிலங்கள்கூடக் கரைக்கு அருகே தென்படுகின்றன. அதே ஆழத்தை நம்பித்தான் பெரிய கப்பல்களும் வந்தன. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு முன்னால் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்தது. அது பழுதுபார்க்க வந்து சேர்ந்த இடம் கொட்டியாரம். அதில் வந்த இளைஞர் ரொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசரின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடுப்பில் இருந்து, தப்பிப் போய் 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்தப் புகழ்பெற்ற நூல் பிறக்கக் காரணம் ஒரு வாடைக்காற்று.

அந்த நூல் வெளிவருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1672 மார்ச்சில், பதினான்காம் லூயி அரசர் அனுப்பிய கப்பற்படை ஒன்று த லா ஏ என்பவரின் தலைமையில் இதே குடாவுக்குள் வந்தது. ஒல்லாந்தரை வெறுத்த கண்டி அரசர் இரண்டாம் இராசசிங்கன் வந்தவர்களை வரவேற்றுக் கொட்டியாரத்தில் இடமும் கொடுத்தார். ஒரு பேரரசின் கப்பற்படை, உள்நாட்டு அரசரின் ஆதரவு, உலகம் மெச்சும் துறைமுகம் எல்லாம் கையில். நான்கு மாதம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வெளியே ஒல்லாந்தக் கப்பல்கள். உள்ளே நோய், உணவுத் தட்டுப்பாடு. குடாவில் வயல் இருந்தது, விளைச்சலும் இருந்தது. அந்த விளைச்சலைச் சேர்த்துக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றும் ஏற்பாடுதான் அவர்களிடம் இல்லை. அதற்குக் கிராமங்களோடு உறவு வேண்டும், அந்த உறவுக்குக் காலம் வேண்டும். ஜூலையில் த லா ஏ பாயை விரித்துப் போய்ச் சாந்தோமைப் பிடித்தார். இங்கே விட்டுப்போன சிறு படை ஒல்லாந்தரிடம் சரணடைந்தது. சாந்தோமும் 1674இல் கைவிட்டுப் போனது. அந்த ஆண்டிலேயே பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களைப் பார்க்கப் போகிற நம்மவர்கள், அந்த நகரம் திருகோணமலை கை நழுவியதன் தொலைவான விளைவுகளில் ஒன்று என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நூற்றுப் பத்து ஆண்டு கழித்து சுஃப்ரென். 1782 ஜனவரியில் பிரித்தானியத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தார். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சுஃப்ரென் ஆட்களைக் கரையிறக்கி, நகரக் கோட்டையையும் துறைமுக வாயைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் சில நாள்களில் பிடித்துக்கொண்டார். ஹியூஸ் உதவிக்கு வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டெம்பர் 3ஆம் தேதி இரண்டு கடற்படைகளும் வெளியே மோதின. தெளிவான முடிவு இல்லை. இனிப் பார்க்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. வாடை வரப்போகிறது. ஹியூஸுக்குப் பம்பாய்க்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை, போனார். சுஃப்ரென் கையிலோ இந்தக் கரையின் ஒரே புகலிடம் இருந்தது. அவர் அங்கே மாரிக்காலத்தைக் கழித்தாரா? இல்லை. சுமாத்திராவின் அச்சே வரை போய்விட்டு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் திரும்பி வந்தார். இதற்கு ஒரே காரணம் சொல்வது நேர்மையாகாது. வருகிற துணைப்படையைச் சந்திக்கும் கணக்கும் அதில் இருந்தது. ஆனால் பாதுகாப்பான நீர் மட்டுமே ஒரு கடற்படைக்குப் போதுமென்றால், இரத்தம் சிந்திப் பிடித்த துறைமுகத்தை விட்டுப் பல நூறு கடல்மைல் தள்ளிப் போய்த் தங்க வேண்டிய தேவை யாருக்கும் வந்திருக்காது. ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு மூன்று நான்கு மாதம் அரிசி, இறைச்சி, மரக்கறி, பாய்மரத்துக்குத் தக்க நீண்ட மரம் என்று கணக்குப் போட்டால் குடாவின் நீலம் கண்ணுக்கு மட்டும்தான் விருந்து. 1783இல் ஐரோப்பாவில் சமாதானம் ஆனது. அடுத்த ஆண்டு திருகோணமலை ஒல்லாந்தரிடமே திரும்பிப் போனது.

பிரெஞ்சுத் தளபதிகள் பட்டுத் தெரிந்துகொண்டது நம்முடைய மரபுக்கு முன்பே தெரியும். கோணேசர் கல்வெட்டு என்ற நூலை எடுத்துப் பாருங்கள். பெயர் கல்வெட்டு, உண்மையில் கோயிலின் நடைமுறைகளைச் சொல்லும் நூல். அதில் குளக்கோட்டன் என்ற மன்னன் கோயில் கட்டியதோடு நிற்பதில்லை. கோயில் நடக்க வேண்டுமே என்று குளம் கட்டுகிறான், வயலை ஒதுக்குகிறான், யார் நெல் அளக்க வேண்டும், யார் எந்தத் தொழும்பு செய்ய வேண்டும் என்று குடிகளை வகுக்கிறான். கந்தளாய்க் குளத்தை அவன் கட்டினானா, பாளி நூல்கள் சொல்வதுபோல அநுராதபுர அரசர்கள் கட்டினார்களா என்பது வேறு வழக்கு. அதை இந்த மேடையில் தீர்க்க நான் வரவில்லை. கோயிலையும் குளத்தையும் ஒரே கணக்கேட்டில் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியது. கதை என்று ஒதுக்குகிறவர்களுக்கு நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது: கோணபர்வதத்து மச்சகேசுவரத்துக்கு நீர்நிலமும் புன்செயுமாக இருநூற்றைம்பது வேலி கொடுத்ததை அது பதிகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகத்தில் கோணமலைக் கடல் முத்துக் கொழிக்கிறது. கல்வெட்டில் அதே மலை வயல் கேட்கிறது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டினார். அப்போது தப்பிய திருவுருவங்கள் பின்னர் தம்பலகாமத்தில், வயல்களுக்கு நடுவே, ஆதிகோணநாயகராகக் கோயில் கொண்டன என்பது மரபு. கடலோரத்துச் சாமி ஒளிந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த இடம் தன் நெல் விளைந்த இடம்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், வரத்தான் வேண்டும். பிரெஞ்சுக்காரர் போனார்கள், சரி. ஒல்லாந்தர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்களே, பிரித்தானியர் 1795 முதல் 1957 வரை இருந்தார்களே, அவர்களுக்கு வயல் தேவைப்படவில்லையா? ஒல்லாந்தருக்குத் தேவைப்பட்டது, அது அவர்களுக்கே தெரியும். 1786இல், பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊர் திரும்பி வந்த இரண்டு ஆண்டுக்குள், இங்கிருந்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கந்தளாய் என்று ஊர் ஊராகச் சுற்றி நாட்குறிப்பு எழுதினார். பீரங்கிகளை எண்ணுவதை விட்டுவிட்டு வயலையும் குளத்தையும் குடிகளையும் பார்த்தார். பிரித்தானியர் கதை வேறுதான். இந்தியா முழுவதும் கையில் இருந்தவர்களுக்கு அரிசி கப்பலில் வரும். உள்ளூர் வயலை நம்ப வேண்டியதில்லை. துறைமுகத்துக்கும் அதன் நிலத்துக்கும் இருந்த பழைய பந்தம் அறுந்தது அப்போதுதான். ஆனால் பசி போய்விடவில்லை, உணவுதான் மாறியது. நிலக்கரிக்குப் பின் எண்ணெய் வந்தபோது, சீனன்குடாவின் காட்டுக்குள் 99 எண்ணெய்க் குதங்கள் எழும்பின. அவை கடற்படையின் நெற்களஞ்சியம் அல்லாமல் வேறென்ன? 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது துறைமுகத்தோடு சீனன்குடாவும் இலக்கானது. ஒரு விமானம் குதம் ஒன்றின்மேல் விழுந்து எரிந்தது. 1944 ஏப்ரலில் பிரெஞ்சுப் பெரும்போர்க்கப்பல் ‘ரிஷ்லியூ’ இங்கே வந்து நேசநாட்டுக் கப்பற்படையோடு சேர்ந்து சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கப் புறப்பட்டது. சுஃப்ரென் போன திசையிலேயே போனது என்பது தற்செயல்தான், ஆனாலும் வரலாறு சில வேளை இப்படிக் கண்சிமிட்டும். 2022 ஜனவரியில் அரசாங்கம் கையெழுத்திட்ட உடன்படிக்கை எதைப் பற்றியது என்று பாருங்கள். 14 குதம் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவருக்கும் பொதுவாக. நங்கூரமிடும் நீரைப் பற்றி அந்த உடன்படிக்கையில் பேரம் இல்லை. பேரம் களஞ்சியத்தைப் பற்றியது.

அடுத்தது, காட்டுவது எப்படி என்ற கேள்வி. பிரான்சின் மேற்கே பிரெத்தாஞ் என்ற கரைப்பகுதியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மிடம் வந்த கப்பல்களோடு உறவுள்ள கரை அது. அங்கே லோரியான் என்ற ஊரே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனி 1666இல் கப்பல் கட்டத் தொடங்கியதால் பிறந்தது. ‘கீழ்த்திசைச் சூரியன்’ என்று அங்கே கட்டிய கப்பலின் பெயரிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது. துறைமுக வாயில் போர்-லூயி கோட்டை நிற்கிறது. அதற்குள் கம்பனியின் வரலாற்றுக்கென்றே அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஊர் தரைமட்டமானது. ஜெர்மானியர் விட்டுப்போன நீர்மூழ்கித் தளத்தின் பெருஞ்சுவர்களை இடிக்காமல் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே பாய்க்கப்பல் கலையை விளக்கும் கூடம் கட்டியிருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் கோக்கும் நூல் ஒரு ஒற்றையடிப் பாதை. கடத்தலைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் கரையோரமாக நடந்த பழைய வழியை மீட்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு நடைபாதையாக்கினார்கள். தனியார் நிலத்திலும் கடலோரமாக மூன்று மீற்றர் அகலம் நடப்பவருக்கு உரியது என்று 1976இல் சட்டமே வந்தது. நமது உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலிகள் எங்கே முடிகின்றன என்று பார்த்தவர்களுக்கு அந்த மூன்று மீற்றரின் அருமை புரியும்.

‘அங்கே சமாதானம், இங்கே கடற்படைத் தளம், ஒஸ்டன்பேர்க்கையும் ஹூட்ஸ் கோபுரத்தையும் ஊருக்குத் திறந்துவிட முடியுமா?’ என்பார்கள். பிரெத்தாஞ்சிலேயே பிரெஸ்ட் என்ற ஊர் இருக்கிறது. நம் உள்துறைமுகம் போலவே குறுகிய வாயும் அகன்ற உள்நீரும் கொண்டது, இன்றைக்கும் பிரான்சின் பெரிய கடற்படைத் தளம். அங்கத்தைய பழைய கோட்டையில் கடற்படையின் தலைமை அலுவலகமும் பொதுமக்களுக்கான கடல்சார் அருங்காட்சியகமும் ஒரே மதிலுக்குள் நடக்கின்றன. காவல் இருக்கிற இடத்தில் காட்சி முடியாது என்பது விதி இல்லை. எந்தக் கதவு, எந்த நேரம் என்று வகுப்பதுதான் வேலை. இங்கும் கடற்படை தன் வளவுக்குள் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது, ஆகவே கொள்கையளவில் கதவு திறந்துதான் இருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘நம்மை அடிமைகொள்ள வந்தவனின் கப்பல் கணக்கை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? கோயிலை இடித்தவன் கதையும் நம் மரபா?’ கேள்வியில் உள்ள வலி நியாயமானது. சுஃப்ரெனுக்கு இங்கே சிலை வைக்கச் சொன்னால் நானும் எதிர்ப்பேன்; சென் துரோப்பேயில் ஒன்று போதும். நான் கேட்பது அவர்களுடைய தோல்வியின் விளக்கத்தை. தளபதியை மையமாக வைத்துச் சொன்னால் அது அவர்கள் வீரம். வயலை மையமாக வைத்துச் சொன்னால் அவர்கள் வந்து போன விருந்தாளிகள், தம்பலகாமத்து உழவன் நிலையாள். இன்னொன்றும் கிடைக்கும். இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் உரிமை கேட்டு ஆள் நிற்கிறது. கன்னியாவில், திரியாயில், எங்கும். ஆளுக்கொரு கல்லாகப் பிரித்துக் காட்டினால் சண்டை தீராது. பெரியகுளத்தில் வெல்கம் விகாரையைப் பாருங்கள். பௌத்தப் பள்ளி; அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று சோழர் பெயர்; அங்கே கொடை கொடுத்தவர்களின் கல்வெட்டுகள் தமிழில். அதை ஒரு தரப்பின் பெட்டிக்குள் அடைக்க முயன்றால் ஏதாவது ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குளத்தோடும் வயலோடும் துறையோடும் சேர்த்து வைத்தால் அது இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது: விளைச்சலும் வணிகமும் இருந்த இடத்துக்கு எல்லா வழிபாடும் வந்தன.

‘உல்லாசப் பயணி வருவது கடலில் குளிக்க, அவனுக்கு நெல்லும் கல்வெட்டும் எதற்கு?’ என்று தொழில் செய்கிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு வரலாறு சொல்லிப் பயனில்லை, நாட்காட்டியைக் காட்டுகிறேன். சித்திரை முடிந்து புரட்டாசி வரை நிலாவெளியில் அறை கிடைப்பது கஷ்டம். வாடை வந்ததும் கடல் கலங்குகிறது, புறாத்தீவுக்குப் படகோட்டுவது பாடாகிறது, விடுதிகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்த மாதங்களில்தான் பெரும்போகம். தம்பலகாமத்து வயல் நாற்றுப் பச்சையில் இருக்கும், கந்தளாய்க் குளம் நிரம்பிக்கொண்டிருக்கும். வெளிக்கடல் கொந்தளிக்கும்போது உள்துறைமுகத்தின் நீர் எப்படிக் கண்ணாடியாகக் கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் அதுவே காலம். ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பது ஆடி மாதத்து அமைதிக் கடலில் விளங்காது. கார்த்திகையில் ஒரு மணி நேரம் ஒஸ்டன்பேர்க் மேட்டில் நின்றால் விளங்கும். கடலை மட்டும் விற்றால் அரை ஆண்டு வியாபாரம்.

ஆகவே வானைத் திருப்பிவிடச் சொல்கிறேன். காலையில் கோணேசரில் தொடங்காமல் கந்தளாய் அணைக்கட்டில் தொடங்கட்டும். வாய்க்காலோடு இறங்கித் தம்பலகாமம், ஆதிகோணநாயகர் கோயில். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர். முன்பு லோஞ்சில் போன ஊருக்கு இப்போது பாலங்கள் வழி போகலாம், நொக்ஸ் பிடிபட்ட மரம் நின்றதாகச் சொல்கிற இடத்தில் நிழலில் நிற்கலாம். திரும்பும் வழியில் சீனன்குடாவில் குதங்களைத் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கலாம். இருட்டுமுன் கோட்டை வாசல்.

அந்த வாசலில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லோரும் மான்களுக்காகவும் கோயில் நடை சாத்திவிடுமோ என்ற அவசரத்திலும் அதைக் கடந்துவிடுகிறார்கள். ஓட்டோ ஒன்றன்பின் ஒன்றாக வளைவுக்குள் நுழைகிறது. வாசல் நிலைக்கல்லில் தமிழ் எழுத்துக் கொத்தியிருக்கிறது, பக்கத்தில் பாண்டியர் மீன். போர்த்துக்கேயர் கோயிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த கல். எழுத்துத் தேய்ந்து பலதும் போய்விட்டது. பறங்கி திருப்பணியைக் குலைப்பான் என்பது அதன் பொருள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் திருப்பணியைச் செய்தவன் பெயராக அவர்கள் அங்கே கண்டது குளக்கோட்டன். குளமும் கோட்டமும் கட்டியதால் அப்படிப் பெயர் என்பார்கள் ஊரில். கோட்டம் என்றால் கோயில்.